தூசியும் பஞ்சருமாக இருந்த காலத்தில் சொகுசு கார் மேல் அவ்வளவு மோகம் ஏன்?

சாலைப்பித்தன் கேட்டது:

நண்பர்களே, கொஞ்ச நாளாக 1900க்கும் 1914க்கும் இடைப்பட்ட காலத்துக் கார்களைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும் விடாமல் தொந்தரவு செய்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

1908இல் ஃபோர்டு மாடல் டி வந்தபோது அதன் விலை 850 டாலர். அதே சமயத்தில் ரோல்ஸ் ராய்ஸ் 40/50 காரின் சேசிஸ் மட்டும் 985 பவுண்டு. சேசிஸ் என்றால் சட்டம், எஞ்சின், கியர்பாக்ஸ், சக்கரம், அவ்வளவுதான், உட்கார இருக்கைகூடக் கிடையாது. அன்றைக்கு ஒரு பவுண்டு ஐந்து டாலருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக அந்தச் சேசிஸ் பணத்தில் ஐந்து மாடல் டி வாங்கிவிட்டுக் கையில் மிச்சமும் வைத்திருக்கலாம். அதற்கு மேல் பாடி கட்டத் தனிச் செலவு.

சரி, பணம் இருக்கிறவர் கொடுக்கிறார். கொடுத்து என்ன கிடைத்தது? தார் போடாத ரோடு இரண்டு காருக்கும் ஒன்றுதான். தூசியும் ஒன்றுதான். ஆணி குத்தினால் எந்த டயரும் பஞ்சர்தான். இரண்டுக்கும் முன்னால் போய்க் குனிந்து கைப்பிடியைச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பல வண்டிகளில் முன் கண்ணாடிகூடக் கிடையாது. "வெறும் பந்தா, வேறொன்றும் இல்லை" என்று என் நண்பர் ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது போதவில்லை. பந்தாதான் வேண்டுமென்றால் நாலு குதிரை பூட்டிய வண்டியே போதுமே, அது ஏற்கெனவே அவர்கள் வீட்டு வாசலில் நின்றதுதானே?

இன்னொரு சின்னச் சந்தேகம். ஒரு அருங்காட்சியகத்தில் 1902 வாக்கில் செய்த பெரிய கார் ஒன்றைப் பார்த்தேன். பின் இருக்கைக்கு ஏறும் கதவு பக்கவாட்டில் இல்லை, வண்டியின் முதுகில் நட்டநடுவே இருந்தது. அவ்வளவு காசு கொடுத்து வாங்கியவர் பின்னால் சுற்றிப் போய்ப் புழுதியில் நின்று ஏறியிருக்க வேண்டும். ஏன் அப்படிச் செய்தார்கள்?

பட்டறைக்காரன் எழுதியது:

பழைய கார்களைப் பிரித்து, சரிசெய்து, மறுபடி ஓடவைப்பதுதான் பல வருஷமாக என் பிழைப்பு. அதனால் கையில் பட்டதை வைத்துச் சொல்கிறேன். அவர்கள் காசு கொடுத்தது அமைதிக்கு. சத்தமும் நடுக்கமும் இல்லாமல் போவதற்கு.

அதன் அருமை தெரிய வேண்டுமென்றால் அன்றைய சாதாரணக் கார் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். 1900 வாக்கில் பெரும்பாலான கார்களில் ஒரே சிலிண்டர், இல்லையென்றால் இரண்டு. ஒவ்வொரு வெடிப்புக்கும் வண்டி மொத்தமும் ஒரு குலுக்குக் குலுங்கும். சும்மா நிற்கும்போதே விளக்கு ஆடும், மட்கார்டு ஆடும், உட்கார்ந்திருப்பவரின் தாடையும் சேர்ந்து ஆடும். பின் சக்கரத்துக்குப் போகும் சங்கிலி வெளியே திறந்து கிடக்கும், அதில் மண் ஏறினால் வழியெல்லாம் கரகரவென்று அரைத்துக்கொண்டே வரும். கியர் மாற்றுவதைச் சொல்லவே வேண்டாம். இன்றைய கியர்பாக்ஸில் பற்கள் பொருந்துவதற்கு உள்ளேயே ஏற்பாடு இருக்கிறது. அன்றைக்கு அது கிடையாது. எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றுகிறது, வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று காதாலேயே கணித்து, க்ளட்சை இரண்டு முறை மிதித்து, சரியான நொடியில் தள்ள வேண்டும். அரை நொடி தவறினால் இரும்பு இரும்போடு உரசும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும்.

குதிரை வண்டியிலேயே பிறந்து வளர்ந்த பணக்காரக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல வில் வைத்த வண்டி, ரப்பர் பட்டை போட்ட சக்கரம், வெளியே குளம்புச் சத்தம் மட்டும். அவர்கள் காருக்கு மாறியபோது தூரம் கிடைத்தது, நிம்மதி போய்விட்டது. அந்த இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கக்கூடியவருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதல் திருப்பம் 1901இல் வந்த மெர்சிடிஸ். நீஸ் நகரத்தில் இருந்த எமில் யெல்லினெக் என்ற வியாபாரி டைம்லர் கம்பெனியிடம் கேட்டு வாங்கியது, வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்தது, பெயர் யெல்லினெக்கின் மகளுடையது. 35 குதிரைத்திறன். அழுத்தித் தயாரித்த எஃகுச் சட்டம், தேன்கூடு மாதிரி ரேடியேட்டர், தரையோடு ஒட்டித் தாழ்ந்த உடம்பு. அதற்கு முன்னால் வந்தவை உயரமாக நிமிர்ந்து நின்று, வளைவில் கவிழ்ந்துவிடுமோ என்று பயமுறுத்தியவை. இந்த வண்டியில் உட்கார்ந்தவருக்கு முதல் முறையாக ரோட்டின் மேல் நம்பிக்கை வந்தது.

அடுத்தது ஆறு சிலிண்டர். ஆறு சிலிண்டர் போட்டால் எஞ்சின் மிருதுவாகச் சுற்றும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, இங்கிலாந்தில் நேப்பியர் கம்பெனி அதை முதலில் விற்றும் காட்டியது. ஆனால் ஒரு சிக்கல். ஆறு சிலிண்டருக்குக் கிராங்க் ஷாஃப்ட், அதாவது எஞ்சினுக்குள் சுற்றும் முக்கியத் தண்டு, நீளமாகிவிடும், நீளமானது ஒவ்வொரு வெடிப்பிலும் ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டு விடும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அந்த முறுக்கு ஒன்றோடொன்று சேர்ந்து வண்டியையே நடுக்கும், சில சமயம் ஷாஃப்டே முறிந்துபோகும். ஹென்றி ராய்ஸ் ஏழு பேரிங் வைத்து, ஷாஃப்டைத் தடிமனாக்கி, எண்ணெயை அழுத்தத்தில் அனுப்பி அந்த நடுக்கத்தை அடக்கினார். 1906இல் வந்த 40/50 அதுதான். பின்னால் சில்வர் கோஸ்ட் என்று உலகம் முழுக்கப் பெயர் எடுத்தது.

அந்தப் பெயர் முதலில் ஒரே ஒரு காருக்கு வைத்தது. ஏஎக்ஸ் 201 என்ற எண், அலுமினிய வண்ணம் பூசிய உடம்பு, வெள்ளி முலாம் பூசிய விளக்குகள். 1907இல் அதை இரவு பகலாக 15,000 மைல் ஓட்டினார்கள். 629ஆவது மைலில் ஒரு முறை நின்றது, எஞ்சின் கோளாறு இல்லை, பெட்ரோல் குழாயின் திருகு குலுக்கலில் தானாக மூடிக்கொண்டது. அதற்கப்புறம் 14,371 மைல் கோளாறால் ஒருமுறைகூட நிற்காமல் ஓடியது. பிறகு பிரித்துப் பார்த்து, தேய்ந்த சாமான்களைப் புதிதுபோல ஆக்க என்ன ஆகும் என்று கணக்குப் போட்டால் இரண்டு பவுண்டுக்குச் சற்று மேல்! பத்து மைல் போய் வீடு திரும்பினாலே பெரிய விஷயம் என்றிருந்த காலத்தில் இந்தச் செய்தியைப் படித்தவருக்கு 985 பவுண்டு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள்.

1911இல் இன்னொரு காரை லண்டனிலிருந்து எடின்பரோ வரை போகவர டாப் கியரிலேயே ஓட்டினார்கள், கியரை ஒருமுறைகூட மாற்றவில்லை. மேலே கியர் மாற்றுவதைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதியது இதற்காகத்தான். டாப் கியரில் மனிதன் நடக்கிற வேகத்துக்கு இறங்கி, அங்கிருந்து திணறாமல் மறுபடி வேகம் எடுக்க முடிந்தால் பின்னால் இருப்பவர் காதில் அந்த உரசல் விழவே விழாது.

நேரில் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். 1912ஆம் வருஷத்து 40/50 ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்த பையன், ஓடுவது தெரியாமல் பானட்டைத் திறந்து ஃபேன் பக்கம் கையைக் கொண்டுபோய்விட்டான், நான் கத்திய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான். காதைக் கிட்டே கொண்டுபோனால் கார்புரேட்டர் மூச்சிழுக்கும் ஒரு மெல்லிய உஸ் மட்டும் கேட்கும். மட்கார்டு மேல் உள்ளங்கையை வைத்தால் தூங்கும் பூனையின் முதுகைத் தொட்டமாதிரி இருக்கும். நூறு வருஷத்துக்கு மேலான இரும்பு அது.

கூண்டுவண்டி எழுதியது:

பட்டறைக்காரன் சார் எஞ்சினைச் சொல்லிவிட்டார், நான் மேலே இருப்பதைச் சொல்கிறேன். எனக்கு மரவேலைதான் தெரியும், பழைய வண்டிகளின் பாடிச் சட்டம் செய்கிறேன்.

முதலில் அந்தப் பின்கதவு. அன்றைய சேசிஸ் மிகவும் குட்டை. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் முன் இருக்கைக்கு மட்டும்தான் இடம். பின் இருக்கை நேராகப் பின் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், சங்கிலியும் அதே இடத்தில்தான். பக்கத்தில் கதவு வைக்க வழியே இல்லை, அதனால் முதுகில் வைத்தார்கள். நடைபாதை ஓரமாக வண்டியைப் பின்பக்கம் திருப்பி நிறுத்தினால்தான் பெண்கள் பாவாடை மண்ணில் படாமல் ஏற முடியும். நாலைந்து வருஷத்தில் சட்டம் நீண்டது, கதவு பக்கத்துக்கு வந்தது, பின்கதவு மறைந்தது. நீங்கள் பார்த்தது அந்தக் கொஞ்ச காலத்து வண்டி, அடுத்த முறை போனால் நன்றாகக் குனிந்து பாருங்கள், அந்தக் கதவிலேயே மடக்கி வைக்கிற மாதிரி சின்ன இருக்கைகூட இருக்கும்.

இப்போது பாடி கட்டுவது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் சேசிஸை வாங்கி வேறு இடத்தில் பாடி கட்டுகிறோம் இல்லையா, அன்றைய சொகுசு கார்களும் அப்படித்தான். லண்டனில் பார்க்கர், ஹூப்பர், பாரிஸில் கெல்னர், லபூர்தெத் என்று பெரிய வண்டிக்கூடங்கள். பார்க்கர் 1710இலிருந்து குதிரை வண்டி கட்டியவர்கள். ராஜகுடும்பத்துக்குச் சாரட்டு செய்த அதே கைகள், அதே ஆஷ் மரம், அதே வார்னிஷ். மரச் சட்டம் போட்டு, அதன் மேல் அலுமினியத் தகட்டைச் சுத்தியால் தட்டித் தட்டி வளைத்துப் போர்த்துவார்கள். எந்த இரண்டும் ஒன்றாக இருக்காது. வாங்குகிறவர் நேரில் போய் உட்கார்ந்து, முழங்கால் உயரம், தொப்பியோடு தலை எவ்வளவு உயரம் என்று அளவு கொடுத்து, துணியைத் தேர்ந்தெடுத்து, தையல்காரரிடம் கோட்டு தைக்கக் கொடுப்பதுபோலக் காரைக் கொடுத்துவிட்டு வருவார். சிலர் ஒரே சேசிஸுக்கு இரண்டு பாடி வைத்திருந்தார்கள், கோடைக்குத் திறந்தது, குளிருக்கு மூடியது. பருவம் மாறும்போது கப்பி கட்டி ஒன்றைத் தூக்கி, இன்னொன்றை இறக்கிப் பொருத்துவார்கள்.

வண்ணம் பூசுவதைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அடிப்பூச்சு, தேய்ப்பு, மறுபூச்சு, மறுபடி நுரைக்கல் பொடியால் தேய்ப்பு என்று இருபது கோட்டுக்கு மேல் போகும். ஒவ்வொரு கோட்டும் தானாக உலர வேண்டும். கடைசி வார்னிஷ் பூசும் அறையில் தூசி பறக்காமல் இருக்கத் தரையில் தண்ணீர் தெளித்து, கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்வார்கள். ஒரு வண்டிக்கு வாரக்கணக்கில் ஆகும். 1920களில் டூகோ என்ற வேகமாக உலரும் பெயிண்ட் வந்த பிறகுதான் இது சுருங்கியது. அந்தப் பழைய வார்னிஷ் மங்காமல் எஞ்சியிருக்கிற கதவு ஒன்றை ஒருமுறை கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். கறுப்புக்குள்ளே பார்வை இறங்கிக்கொண்டே போகும், கிணற்றில் எட்டிப் பார்த்தமாதிரி. இன்றைய பெயிண்டில் அந்த ஆழம் வராது.

ஒரு விஷயம் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். இன்றைக்குச் சொகுசு கார் என்றாலே தோல் இருக்கை. அன்றைக்குத் தோல் இருக்கை டிரைவருக்கு! முன்பக்கம் திறந்து கிடக்கும், மழை வெயில் எல்லாம் அவர் மேல்தான், அதற்குத் தோல்தான் தாங்கும். பின்னால் மூடிய அறைக்குள் முதலாளிக்கு மெல்லிய கம்பளித் துணி, பட்டுத் திரை, டிரைவரிடம் பேச ஒரு குழாய். குழாயின் வாயில் பேசினால் அது டிரைவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கேட்கும்.

நாம் தினமும் சொல்லும் "டிக்கி" என்ற சொல்லும் அந்த வண்டிகளிலிருந்து வந்ததுதான். சாரட்டின் பின்னால் வேலைக்காரர் உட்காரும் திறந்த இருக்கைக்கு டிக்கி என்று பெயர், அது காருக்கும் வந்தது, பிறகு மூடி போட்டுச் சாமான் வைக்கும் இடத்துக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. டேஷ்போர்டும் அப்படித்தான், குதிரை பின்னங்காலால் எற்றும் சேறு வண்டிக்காரர் மேல் தெறிக்காமல் தடுக்க வைத்த பலகை அது.

நாலாவது கியர் எழுதியது:

டிக்கியைச் சொன்னவர் ஸ்டெப்னியை விட்டுவிட்டாரே. அந்தக் காலத்தில் சக்கரத்தைக் கழற்ற முடியாது, மரச் சக்கரம் ஆக்சிலோடு நிரந்தரமாக இருக்கும். பஞ்சர் ஆனால் ரோட்டிலேயே மண்டியிட்டு, டயரை நெம்பி எடுத்து, டியூபை ஒட்டி, கைப்பம்பால் காற்று அடிக்க வேண்டும். 1904இல் வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் இருந்தவர்கள், ஆரக்கால் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடித்த டயரைப் பொருத்தி விற்றார்கள். பஞ்சரான சக்கரத்தோடு அதைப் பக்கத்தில் இறுக்கிக் கட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம். கம்பெனி மறைந்துவிட்டது, அந்தத் தெருவின் பெயர் நம் வாயில் இன்னும் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. மேலே இரண்டு பேரும் காரைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தக் கார் தானாக அப்படி ஓடவில்லை. அதன் பின்னால் ஒரு மனிதர் விடியற்காலையில் எழுந்து வேலை செய்தார், ஷோஃபர். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பொருளே அடுப்பெரிப்பவர் என்பதுதான், நீராவி எஞ்சினுக்குக் கரி போட்டவர்களின் பெயர். அவருடைய காலைப்பொழுதைப் பாருங்கள். கிரீஸ் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் திருக வேண்டும், எண்ணெய்க் கிண்ணங்களை நிரப்ப வேண்டும், அவை வண்டி முழுக்க டஜன் கணக்கில் இருக்கும். பித்தளையைத் தேய்க்க வேண்டும். விளக்குக்குக் கார்பைடு கட்டியைப் போட்டு மேலே தண்ணீர் ஊற்ற வேண்டும், சொட்டுச் சொட்டாக இறங்கி வாயு வரும், பூண்டு அழுகின மாதிரி ஒரு நாற்றம் வரும், அதைத் தீக்குச்சியால் பற்றவைக்க வேண்டும். மழையில் இதைச் செய்து பாருங்கள்.

அப்புறம் கைப்பிடி. ஸ்டியரிங் மேலிருக்கும் இக்னிஷன் நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ளி வைக்க மறந்தால் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும், கைப்பிடி திரும்பி வந்து மணிக்கட்டில் அடிக்கும். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் முதல் பாடம். இந்தக் கைமுறிவு ஷோஃபர்களிடையே எவ்வளவு சாதாரணம் என்றால் மருத்துவர்கள் அதற்கு ஷோஃபர் முறிவு என்றே பெயர் வைத்தார்கள், இன்றைக்கும் எலும்பு மருத்துவத்தில் அந்தப் பெயர் இருக்கிறது.

அதனால்தான் எனக்கு அந்தக் கால வண்டிகளில் மிகவும் பிடித்தது 1912இன் கேடிலாக். சார்லஸ் கெட்டரிங் செய்த மின்சார ஸ்டார்ட்டர் அதில்தான் முதலில் ஒழுங்காக வந்தது, கூடவே மின்விளக்கும். ஒரு மிதி, எஞ்சின் ஓடும். பட்டறைக்காரன் சார் சொல்லும் அமைதியை வாங்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியிருந்தது. இங்கே தனியாக ஒருவர், ஆணோ பெண்ணோ, கையை முறித்துக்கொள்ளாமல் கிளம்பிப் போகலாம். அதற்கு முன்னால் அந்த வசதி மின்சாரக் கார்களில்தான் இருந்தது. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலக்ட்ரிக் கார்தான் ஓட்டினார், கணவர் உலகத்துக்கே மாடல் டி விற்றுக்கொண்டிருந்த காலத்தில்.

கேடிலாக்கின் இன்னொரு கதையும் உண்டு. 1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் மூன்று கேடிலாக்குகளை நட்டு நட்டாகப் பிரித்து, சாமான்களைக் கலந்து குவித்து, அந்தக் குவியலிலிருந்து மறுபடி மூன்று கார் பூட்டினார்கள். அரம் பிடிக்கவில்லை, ராவவில்லை, ஸ்பானரும் ஸ்குரூடிரைவரும்தான். மூன்றும் கிளம்பி 500 மைல் ஓடின. ராயல் ஆட்டோமொபைல் கிளப் ட்யூவர் கோப்பையைக் கொடுத்தது. ஒவ்வொரு சாமானையும் கையால் ராவிப் பொருத்தியதுதான் உயர்ந்தது என்று நினைத்திருந்த ஊரில் போய் அதைச் செய்தார்கள். எந்தக் கடையில் வாங்கிய சாமானும் என் வண்டிக்குச் சேரும் என்பதைவிடப் பெரிய சொகுசு என்ன இருக்கிறது?

வழிப்போக்கன் எழுதியது:

எல்லாவற்றையும் ரசித்துப் படித்தேன். ஆனால் காருக்கு வெளியே நின்றவர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

சாலைப்பித்தன் தூசி இரண்டு காருக்கும் ஒன்றுதான் என்கிறார். காருக்குள் இருப்பவர் அந்தத் தூசியைப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறார். அது விழுவது ஓரமாக நடந்துபோகிறவர் மேல், காயப்போட்ட துணி மேல், வேலியோரப் பயிர் மேல். கனமான கார், அகலமான டயர், அதிக வேகம் என்றால் தூசி இன்னும் அதிகம். 1903 மே மாதம் பாரிஸிலிருந்து மாட்ரிட் போகும் பந்தயத்தில் பார்த்துக்கொண்டு நின்றவர்களும் ஓட்டியவர்களும் செத்து, மார்செல் ரெனோவும் உயிரைவிட்டு, அரசாங்கம் பந்தயத்தை போர்தோவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 1906இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்த உட்ரோ வில்சன், நாட்டில் சோஷலிச உணர்வைக் கார் பரப்புவதுபோல வேறெதுவும் பரப்பவில்லை, கிராமத்து ஆளுக்கு அது பணத்திமிரின் உருவமாகத் தெரிகிறது என்று பேசினார்.

இதைச் சேர்க்காமல் ஈர்ப்பைப் பற்றிப் பேச முடியாது. பார்ப்பவர் வாய்பிளந்ததும் வயிறெரிந்ததும் அந்த ஈர்ப்பில் ஒரு பகுதிதான். உங்கள் நண்பர் சொன்ன பந்தாவை முழுக்கத் தள்ளிவிடாதீர்கள்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வில்சன் அதிபரான பிறகு வெள்ளை மாளிகையின் பியர்ஸ் ஏரோ காரில் ஊர்சுற்றுவதில் அவ்வளவு பிரியமாக இருந்தார், பதவி முடிந்தபோது நண்பர்கள் அந்த 1919 காரை அவருக்கே வாங்கிக் கொடுத்தார்கள். பக்கவாதம் வந்து நடக்க முடியாமல் இருந்தவருக்கு மாலை நேரத்தில் அந்தப் பின் இருக்கைதான் வெளியுலகம். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது.

பட்டறைக்காரன் எழுதியது:

வழிப்போக்கன் சொல்வது சரி, நான் விட்டது என் தவறு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ரோட்டுக்குத் தார் வந்ததில் இந்தக் கார்களுக்கும் பங்கு உண்டு. 1902இல் மொனாக்கோவில் குலியெல்மினெட்டி என்ற டாக்டர் ரோட்டில் தாரை ஊற்றிப் பார்த்ததே கார்கள் கிளப்பிய தூசியை அடக்கத்தான், ஊர் அவரை டாக்டர் தார் என்றே கூப்பிட்டது.

நாலாவது கியருக்கு: கேடிலாக்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ராய்ஸ் மாதிரி ஆட்கள் கையால் ராவியதில் வேறொன்று இருக்கிறது. 1912இல் ஆஸ்திரியாவில் நடந்த ஆல்ப்ஸ் மலைப் போட்டியில் ஜேம்ஸ் ராட்லியின் 40/50, கட்ஷ்பெர்க் கணவாய் ஏற்றத்தில் நின்றுவிட்டது. மூன்று கியர்தான், அந்த ஏற்றத்துக்கு முதல் கியரே பெரிதாகிவிட்டது, ஆட்களை இறக்கிவிட்டுத்தான் ஏற வேண்டியிருந்தது. அடுத்த வருஷமே நாலு கியர் போட்டு அதே மலைக்கு வந்து, அதே கணவாயை ஏறிக் காட்டினார்கள். டாப் கியர் பெருமையில் நாலாவது கியரை முன்பே விட்டிருந்தவர்கள், அந்த ஒரு அவமானத்துக்காக கியர்பாக்ஸையே மாற்றினார்கள். வாங்குகிறவர் இதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தார்.

சாலைப்பித்தன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டிரைவருக்குத் தோல், முதலாளிக்குத் துணி என்பது தெரியாமல் இவ்வளவு நாள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். பட்டறைக்காரன் சார், ஒரே ஒரு கேள்வி. அந்த 40/50ஐ நீங்களே கைப்பிடி சுற்றி ஸ்டார்ட் செய்திருக்கிறீர்களா? கை தப்பியதா?

பட்டறைக்காரன் எழுதியது:

குளிர்ந்த எஞ்சினை நிறையத் தடவை சுற்றியிருக்கிறேன், ஏழு லிட்டர் எஞ்சின், தோள் வலிக்கும். ஆனால் அந்தக் காரில் ஒரு வித்தை உண்டு. ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தும்போது சிலிண்டருக்குள் கொஞ்சம் பெட்ரோல் கலவை தங்கும்படி விட்டால், அப்புறம் கைப்பிடி தேவைப்படாது. மதியம் சாப்பிடப் போய்விட்டுத் திரும்பி வந்து, ஸ்டியரிங் நடுவிலிருக்கும் நெம்புகோலை மட்டும் மெல்ல நகர்த்தினேன். இக்னிஷன் காயிலில் விட்டுவிட்டுப் பொறி தட்டும் சத்தம் ஒரு விநாடி கேட்டது, உள்ளே காத்திருந்த கலவை பற்றிக்கொண்டது. யாரும் தொடவில்லை, முன்னால் யாரும் குனியவில்லை, எஞ்சின் தானாக எழுந்து சுற்ற ஆரம்பித்தது. முன்பு ஃபேனில் கையைக் கொண்டுபோன அதே பையன் பக்கத்தில் நின்றான். இந்த முறை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.